மண்ணுக்கு ஐந்து ஆண்டு கொடுங்கள்

நாசரேத்திலும் சுற்றூர்களிலும் நிலம் வைத்திருக்கும் பெரியோர்களுக்கும், பிழைப்புக்காகச் சென்னை, மும்பை, வளைகுடா என்று போயிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும், வேளாண்மையையே தொழிலாகக் கொண்ட இளையோர் நாங்கள் எழுதும் வேண்டுகோள் இது.

மண்ணைக் கெடுக்காமல் பயிர் செய்ய வேண்டும், கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், வயலில் இறங்குகிறவருக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும் என்பவை எங்கள் கொள்கை. இவற்றுக்காக எங்களைப் பாராட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் ஒரே வயலில் பல ஆண்டு நிற்கிறவரால்தான் இவற்றைக் காப்பாற்ற முடியும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், ஆட்டுக் கிடை போடுவதும், வடிகாலைத் தோண்டி வைப்பதும் செலவை இந்தப் பூவில் வாங்கிக்கொண்டு பலனை அடுத்தடுத்த பூக்களில் தருபவை. வாய்ப்பேச்சில் ஓராண்டுக்கு மட்டும் குத்தகை பிடித்தவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உரத்தைக் கொட்டி எடுத்தவரை லாபம் என்றுதான் பார்ப்பார். குறை ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. மண்ணுக்குக் காலம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். அங்கே 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்தார்கள். விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். இயற்கை விவசாயம் பொய் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. மண்ணுக்குக் காலம் கொடுக்காத அவசரத்துக்கே இது சான்று என்கிறோம் நாங்கள். நாளைக்கே உரமூட்டையைத் தூக்கி எறியச் சொல்லும் கூட்டமல்ல நாங்கள், படிப்படியாகக் குறைக்கிறவர்கள்.

நிலத்தைக் கொடுத்தால் திரும்பி வராது என்ற உங்கள் பயம் வெறும் பயமல்ல. 1955-இல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பயிரிடுகிறவரை எளிதில் வெளியேற்ற விடாது. ஆனால் குத்தகைப் பாக்கி வைப்பவருக்கும், நிலத்துக்குக் கேடு செய்பவருக்கும், நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்புகிறவருக்கும் அந்தச் சட்டம் அரணாக நிற்பதில்லை. அந்த அளவுகோலால் எங்களை அளந்துகொள்ளுங்கள். தரிசாகப் போட்டாலும் நிலம் பத்திரமாக இருப்பதில்லை. சீமைக் கருவேலம் வேரோடிய பிறகு அதைத் திருத்தும் செலவு உங்களுடையதுதான்.

ஒரு நட்டம் வந்தால் ஓடிவிடுவார்கள் என்கிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிப் பாசனத்தின் வாழையும் நெல்லும் முழுகின. அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு மணலை அள்ளி வரப்பைக் கட்ட ஒருவர் துணிய வேண்டுமானால், அடுத்த ஆண்டும் அந்த வயல் தன் கையில் இருக்கும் என்ற உறுதி வேண்டும். அடங்கலில் பெயர் ஏறாதவர் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. ஓடிப்போகிறவரைக் குறை சொல்லுமுன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, தென்காலின் கீழும் குளங்களின் கீழும் சும்மா கிடக்கும் உங்கள் நஞ்சையில் ஓர் ஏக்கரையேனும் ஐந்து ஆண்டுக்கு எழுத்துக் குத்தகையாகக் கொடுங்கள். சாகுபடி செய்கிறவர் பெயர் அடங்கலில் ஏறச் சம்மதியுங்கள். குத்தகையை நெல்லாகவோ பணமாகவோ நீங்களே கேளுங்கள். வரும் பிசானச் சாகுபடிக்கு முன்னால் உட்கார்ந்து பேச நாங்கள் தயாராக இருக்கிறோம்.