ஜூன் 25 என்றால் 1983 மட்டும்தானா?

ஜூன் 25 வந்தால் போதும், காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில் "வரலாற்றில் இன்று" வந்து விழும். லார்ட்ஸ் பால்கனியில் கோப்பையோடு கபில்தேவ். மாலைக்குள் அதே படத்தைப் பத்துப் பேர் அனுப்பிவிடுவார்கள்.

அந்த வெற்றி மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. 183-க்கு ஆட்டமிழந்த அணி அன்றைய வெஸ்ட் இண்டீசை 140-க்குச் சுருட்டியது சாதாரணக் காரியமா? அந்த 183-இல் அதிகபட்சம் நம் சென்னை ஸ்ரீகாந்த் அடித்த 38. ரிச்சர்ட்ஸ் தூக்கியடித்த பந்தைக் கபில் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்ததை இன்னும் நூறு முறை காட்டினாலும் பார்ப்பேன். என் சண்டை பட்டியல் போடுகிறவர்களோடுதான். கோப்பை இருந்தால்தான் அவர்களுக்கு அது வரலாறு.

அதே லார்ட்சில், 1932 ஜூன் 25 அன்றுதான் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடத் தொடங்கியது. கேப்டன் சி.கே.நாயுடு. முகமது நிசார் போட்ட வேகத்தில் இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். கடைசியில் 158 ரன்னில் தோற்றோம். தோற்றதால் பட்டியலில் இடமில்லை.

1978 ஜூன் 25 அன்று புவனோஸ் ஐரிஸில் அர்ஜென்டினா நெதர்லாந்தை 3-1 என்று வென்றது. இது சில பட்டியல்களில் வரும், கோப்பை உண்டே! அந்த மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ராணுவ அரசு ஆட்களைக் கடத்திக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்த கடற்படைப் பள்ளி இருந்தது மட்டும் வராது. (1975 ஜூன் 25 இரவு விளையாட்டல்ல, ஆகவே விட்டுவிடுகிறேன். அப்போது அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

எனக்கு முக்கியமானது 1982. ஸ்பெயினில் ஹிஹோன் என்ற ஊர். முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை 2-1 என்று அடித்துவிட்டது. பிறகு ஆஸ்திரியாவிடம் தோற்று, ஜூன் 24-இல் சிலியை 3-2 என்று வென்றது. மறுநாள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆட்டம். கணக்கு இரு தரப்புக்கும் தெரியும்: ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இருவரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. முதல் பத்து நிமிடத்தில் ருபெஷ் ஒரு கோல் போட்டார். அதன் பிறகு, அதுவும் இரண்டாம் பாதியில், ஆட்டம் என்று எதுவும் இல்லை. தங்களுக்குள் பந்தைத் தள்ளிக்கொண்டு நேரத்தைக் கழித்தார்கள். கூட்டம் ரூபாய் நோட்டு ஆட்டுவதுபோல் பெசேத்தா நோட்டுகளை ஆட்டிக் காட்டியது. நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'லெ மாட்ச் தெ லா ஓந்த்', அவமானத்தின் ஆட்டம் என்று பெயர். அல்ஜீரியாவின் புகாரை ஃபிஃபா தள்ளுபடி செய்தது. ஆபீசில் நாங்கள் 'விதிமீறல் ஏதுமில்லை' என்று எழுதி ஃபைலை மூடுவோமே, அதேதான்.

ஆனால் 1986 முதல் உலகக் கோப்பையில் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. இன்று இரண்டு ஆட்டங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் படபடக்கிறோமே, அது அல்ஜீரியாக்காரன் வயிற்றெரிச்சலில் பிறந்த ஏற்பாடு. "அன்றைக்கு யாரும் எதையும் ஜெயிக்கவில்லையே சார்" என்பார் ஒருவர். சரி, ஜெயிக்கவில்லை. ஒரு விளையாட்டின் சட்டத்தையே மாற்றவைத்த ஆட்டத்துக்கு உங்கள் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாதா?

அடுத்த ஜூன் 25-க்குப் படம் தயார் செய்கிற தம்பிகளே, கபில் படம் அப்படியே இருக்கட்டும். கீழே கொஞ்சம் இடம் விட்டு 'ஹிஹோன், 1982, அல்ஜீரியா' என்று போடுங்கள். இடம் இருந்தால் நிசார் பெயரையும்.