பழவேற்காட்டுக்கும் ஒரு கம்பி

கால்வனோமீட்டர் என்னும் கருவியை உங்களில் பலர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்தாலும் அதன் முள் அசையும். அந்தக் கருவிக்கும் பழவேற்காடு ஏரியில் வலை வீசும் ஒரு மீனவரின் உயிருக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அதைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை.

என் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் பழவேற்காட்டைச் சேர்ந்தவன். ஒரு நாள் விடியற்காலையில் இறால் வலையை இழுத்துக்கொண்டிருந்த அவனுடைய தந்தைக்கு, நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல் ஓர் அழுத்தம் ஏற்பட்டது. உடம்பெல்லாம் வியர்த்தது. வாயுப் பிடிப்பு என்று எண்ணிப் படகிலேயே படுத்துவிட்டார். கரைக்கு வந்ததும் சோடா கொடுத்தார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வலி நிற்கவில்லை. வண்டி பிடித்து ஓர் ஊரில் காட்டி, அங்கிருந்து இன்னோர் ஊருக்குப் போய், ஈ.சி.ஜி. எடுத்தபோது பிற்பகல் மணி இரண்டு. மாரடைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. வலை இழுத்த கை இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைப் பழுது பார்க்கிறது.

“பணம் இல்லாம நாங்க நிக்கல சார். என்னன்னு தெரியாமத்தான் நின்னோம்” என்றான் பையன்.

மாரடைப்பு என்பது என்ன? இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. இரத்தம் கிடைக்காத தசை சிறிது சிறிதாக மடிகிறது. மருந்தால் அந்த உறைவைக் கரைக்கலாம். அல்லது குழாய்க்குள் பலூன் செலுத்தி வழியைத் திறக்கலாம். எதைச் செய்தாலும் முதல் சில மணி நேரத்தில் செய்தால்தான் முழுப் பயன். ஆகவே இந்த நோயில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது தவறு, நிமிடத்தில் அளக்கவேண்டும். பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கி.மீ.தான். ஆனால் ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவே. பல இடங்களில் படகைக் கழியால் ஊன்றித் தள்ளித்தான் கரை சேரவேண்டும். ஏரி நடுவே வலி வந்தவருக்குப் படகுதான் ஆம்புலன்ஸ்.

இப்போது கால்வனோமீட்டருக்கு வருவோம். இருதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதன் தசையில் ஒரு மின் அலை பரவுகிறது. உடம்பின் மேற்பரப்பில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். டார்ச் விளக்கின் ஒரு செல்லில் உள்ள மின்னழுத்தத்தில் 1,500இல் ஒரு பங்கு! இதை அளக்க, ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் 1901ஆம் ஆண்டையொட்டி ஒரு கருவி செய்தார். வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றை வலிமையான மின்காந்தத்தின் துருவங்களுக்கு இடையே தொங்கவிட்டார். இழையில் மின்னோட்டம் பாயும்போது அது விலகும். அதன் நிழல் நகரும் புகைப்படத் தகட்டில் விழுந்து கோடாகப் பதியும். இதற்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோயாளியைக் கருவியோடு எப்படி இணைத்தார் தெரியுமா? இரண்டு கைகளையும் இடது காலையும் உப்பு நீர்ச் சாடிகளில் வைக்கச் சொன்னார். உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் விடாது. உப்பு நீரின் அயனிகள் விடும். நாள் முழுதும் உப்பு நீரில் நிற்கும் பழவேற்காட்டு மக்களுக்கு இதை விளக்குவது எளிது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஐந்தோவனின் கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாது. படுத்த படுக்கையான நோயாளியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வருவதும் ஆபத்து. அவர் என்ன செய்தார்? 1905இல், மருத்துவமனைக்கும் 1.5 கி.மீ. தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பியை இணைத்தார். நோயாளி அங்கே, அவருடைய இருதயத்தின் கோடு இங்கே! நோயாளியை நகர்த்தாமல் செய்தியை நகர்த்தினார். இருதய மருத்துவத்தில் இதைவிட அழகான எண்ணம் எனக்குத் தெரியாது.

அன்று 1.5 கி.மீ. போன கோடு, இன்று கைபேசி வழியாக 60 கி.மீ. போவதில் விஞ்ஞானத் தடை ஏதுமில்லை. கைப்பெட்டி அளவுள்ள கருவியே போதும். தமிழ்நாட்டிலேயே இது செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலியோர் 2012க்கும் 2014க்கும் இடையே, 35 சிறிய மருத்துவமனைகளை 4 பெரிய மருத்துவமனைகளோடு சக்கரத்தின் ஆரங்களைப்போல இணைத்தார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் அதில் இருந்தன. 2,420 நோயாளிகளைக் கவனித்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100க்கு 17.6 பேர், இணைப்புக்குப் பின் 14.2 பேர். இது முன்பையும் பின்பையும் ஒப்பிட்ட ஆய்வு. ஆகவே குறைவு முழுவதும் இணைப்பினால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல இயலாது. என்றாலும் நூற்றுக்கு மூன்று பேர் என்பது சிறிய எண் அன்று. அந்த மூவரில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருந்தால்?

‘ஒவ்வோர் ஊரிலும் ஓர் இருதய மருத்துவமனை கட்டவேண்டியதுதானே’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலூன் சிகிச்சைக்கு இரவும் பகலும் தேர்ந்த குழு வேண்டும். நிறைய நோயாளிகளைப் பார்த்தால்தான் அந்தக் கை பழகும். குப்பத்துக்கு வேண்டியது கட்டடம் அன்று. ஒரு கருவி, அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த ஒரு செவிலியர், மறுமுனையில் விழித்திருக்கும் ஒரு மருத்துவர்.

அந்த மறுமுனையைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மாரடைப்பின் தொடக்கத்தில் எடுத்த ஈ.சி.ஜி. சில சமயம் சரியாகவே தோன்றும்; சற்று நேரம் கழித்து மீண்டும் எடுக்கவேண்டும். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாக மட்டும் வரலாம். இவற்றைக் கண்டுகொள்ளப் பயிற்சி வேண்டும். பயிற்சி தருவது யார் வேலை? மருத்துவக் கல்லூரி இருதயத் துறையின் வேலை. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற பழம்பெரும் நிறுவனங்கள் சிகிச்சை, போதனை, ஆராய்ச்சி என்ற மூன்றுக்கும் உரியவை. அம்மூன்றும் மதில் சுவருக்குள்ளேயே நடக்கவேண்டும் என்று யார் சொன்னது?

இருதயத் துறையில் மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்கள் ஆண்டுக்கு ஒரு மாதமேனும் ஏரிக்கரையில் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. ‘மாரைப் பிடிக்குது’, ‘நெஞ்சு கரிக்குது’ என்று மக்கள் சொல்வதன் பொருள் புத்தகத்தில் இல்லை. கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்தை எவ்வளவு உயர்த்துகிறது, இரவு முழுதும் கண் விழித்து வலை இழுப்பது இருதயத்தை என்ன செய்கிறது என்பவையெல்லாம் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கவேண்டிய ஆராய்ச்சிகள். கண்டறிந்ததை அந்தக் குப்பத்திலேயே கூட்டம் போட்டுத் தமிழில் சொல்லவும் வேண்டும்.

2023இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. நல்ல தொடக்கம். கம்பி அதனோடு சேரவேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலிருந்து, ஈ.சி.ஜி. எடுக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து எங்களுக்கு எழுதுங்கள். 108க்குச் சொன்னால் வண்டி உங்கள் தெருவரை வருமா, எந்த இடத்தில் நிற்கும் என்று பெரியவர்களைக் கேட்டுச் சேருங்கள். பகலுக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒரு கணக்கு வேண்டும். ஏரிக்கரைப் பிள்ளைகள் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் விடாமல் குறியுங்கள்.