குடவோலையும் வலைத்தளச் சான்றிதழும்

நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்டுள்ளன. குடத்தினின்று சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் ஏற்று வாசிக்க வேண்டும். அவ்வோலையை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும் என்று அவை விதிக்கின்றன. மத்தியஸ்தன் பொய்யன் என்பதன்று கருத்து. நம்பிக்கை பலர் கண்முன் நிற்க வேண்டும் என்பதே கருத்து.

இன்று நம் மாணவர் உதவித்தொகைக்கும் தேர்வு முடிவுக்கும் வலைத்தளங்களை நாடுகின்றனர். அத்தளம் உண்மையானதுதானா என்பதற்கு ஓலையாக அமைவது பாதுகாப்புச் சான்றிதழ். தளத்தின் பெயர், சான்று வழங்கிய நிறுவனம், செல்லுபடியாகும் காலம், பொதுத் திறவுகோல் ஆகியன அதில் உள. ஆயினும் அதனைத் திறந்து பார்ப்பார் நம்முள் எத்தனை பேர்? எச்சரிக்கை தோன்றினும், அதனைத் தள்ளிவிட்டு மேற்செல்வதே நம் வழக்கமாகிவிட்டது.

2011 ஆகஸ்டில் ஈரான் நாட்டவர் ஒருவர் அவ்வாறு செய்யவில்லை. கூகுளின் மின்னஞ்சலைத் திறந்தபோது குரோம் உலாவி எச்சரித்தது. அவர் அச்சான்றிதழை எடுத்துப் பலரறிய வெளியிட்டார். நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக் கணிப்பொறிகளுள் புகுந்தோர், கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3,00,000 இணைய முகவரிகள், பெரும்பாலும் ஈரானைச் சேர்ந்தவை, அப்போலியை எதிர்கொண்டன என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று. அடுத்த மாதமே அந்நிறுவனம் திவாலாயிற்று.

அயல்நாட்டுக் கதையென்று நாம் ஒதுக்குதற்கில்லை. 2014 ஜூலையில், நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவினின்றும் கூகுள் தளங்களின் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிப்பட்டன. அப்பிரிவுக்கு வழங்கப்பட்டிருந்த இடைநிலைச் சான்றுகள் உடனே நீக்கப்பட்டன.

சான்றிதழைச் சேமிப்பது எளிது. மேசைக் கணிப்பொறியின் உலாவியில், முகவரிக்கு இடப்புறக் குறியை அழுத்தி, இணைப்பின் பாதுகாப்பு விவரம் வழியே சான்றிதழைத் திறக்க வேண்டும். குரோமில் விவரங்கள் பகுதியில் ‘ஏற்றுமதி’ உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் சான்றிதழ்ப் பக்கத்திலேயே பதிவிறக்க வழியுண்டு. அக்கோப்பில் மறைத் திறவுகோல் இராது. ஆதலின் பிறர்க்குக் காட்டுவதில் கேடில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உள. சான்றிதழ் தளத்தின் பெயர்க்கே சான்று, நடத்துவோரின் நேர்மைக்கன்று. மோசடித் தளமும் தன் பெயர்க்கு முறையான சான்றிதழ் பெறக்கூடும். மேலும், முன்பின் அறியாதார் தரும் சான்றிதழை ‘நம்பத்தக்கது’ என நம் கணிப்பொறியில் நிறுவுதல் ஆகாது. அது போலி ஓலையை நம் கையாலேயே குடத்தில் இடுவதற்கு ஒப்பாகும்.

கணினிக் கல்வி கற்பிக்கும் நம் வகுப்புகளில், எச்சரிக்கை தோன்றினால் நின்று, சான்றிதழைத் திறந்து, படித்து, சேமித்து, ஆசிரியரிடம் காட்டும் பழக்கத்தைப் புகட்டுவோமாக. ஓலையைப் பலரும் வாசிக்க வேண்டுமென்று கல்லில் எழுதிவைத்த ஊரில் வாழும் நமக்கு, இது புதிய பாடமன்று.