குறட்டையை மறைக்காதீர்கள்!

ஆபரேஷனுக்கு முன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். நகப்பூச்சை அழிக்கச் சொல்வார்கள். அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்கிறோம். ஆனால், உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை மட்டும் வெட்கப்பட்டு மறைத்து விடுகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், மற்ற சகோதரிகளுக்காவது பயன்படும்.

2023ல், என் அக்காவுக்கு கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். வயது 52. முதல் நாள் மாலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். 'சர்க்கரை இருக்கா? பி.பி., இருக்கா? பல் ஏதும் ஆடுதா?' என்று வரிசையாகக் கேட்டவர், 'தூக்கத்தில் குறட்டை விடுவீங்களா?' என்றார். அறையில் அக்காவின் மாமியார், கொழுந்தனார் எல்லாரும் இருந்தனர். 'அதெல்லாம் இல்லீங்க டாக்டர்...' என்று சொல்லி விட்டாள் அக்கா.

உண்மை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தால், என்னோடு தான் படுப்பாள். குறட்டைச் சத்தம் வாசல் வரை கேட்கும். நடுவில் சட்டென்று சத்தமும் நின்று, மூச்சும் நின்று விடும். கொஞ்ச நேரம் கழித்து, திணறிக்கொண்டு மூச்சு வாங்குவாள். பகலில், 'டிவி' முன் உட்கார்ந்தாலே தூங்கி வழிவாள். இவ்வளவும் தெரிந்த நானும், 'மாமியார் முன்னாடி அவ மானத்தை ஏன் வாங்கணும்' என்று வாயை மூடிக் கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி, வலிக்கு ஊசி போட்டனர். அக்கா குறட்டை விட்டுத் தூங்கினாள். பிறகு சத்தம் நின்றது. 'அப்பாடா, நிம்மதியாத் தூங்குறா' என்று நான் நினைத்த நேரத்தில், விரலில் மாட்டியிருந்த கருவி அலறியது. சிஸ்டர் ஓடி வந்து, அக்காவை உலுக்கி எழுப்பி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் கொடுத்தார். உதடு நீலம் பூத்திருந்த அந்த முகத்தை, இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

காலையில் வந்த டாக்டர், 'ஏம்மா, நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?' என்று கடிந்து கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். இதற்கு, 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயராம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, மூச்சுப் பாதையை அடைத்து விடுகிறது. சாதாரண நாட்களில், மூச்சு நின்றதும் மூளை நம்மை உசுப்பி விடும். ஆனால், மயக்க மருந்தும், மார்பின் போன்ற வலி மருந்துகளும் தொண்டையை மேலும் தளர்த்துவதோடு, அந்த உசுப்பலையும் மழுங்கடித்து விடுமாம். அதனால், ஆபரேஷன் மேஜையை விட, அதற்குப் பின் வரும் ராத்திரிகளில் தான் கூடுதல் கவனம் தேவையாம்.

முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்களுக்கு வழிகள் உண்டு. முடிந்த ஆபரேஷன்களை முதுகில் ஊசி போட்டுச் செய்வர்; வலி மருந்தை அளந்து கொடுப்பர்; மல்லாக்கப் படுக்க விடாமல், ராத்திரி முழுக்க கண்காணிப்பர். ஏற்கனவே வீட்டில், 'சிபாப்' மெஷின் மாட்டித் தூங்குபவர்கள், அதை ஆஸ்பத்திரிக்கும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

பலத்த குறட்டை, பகல் தூக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பது, ரத்தக் கொதிப்பு, அதிக உடல் பருமன், 50 வயதைத் தாண்டியது, 40 செ.மீ.,க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது - இந்த எட்டில் மூன்று இருந்தாலே, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி விடுவது நல்லது. ஆணுக்குத் தான் அதிகம் என்றாலும், மாதவிலக்கு நின்ற பின் பெண்களுக்கும் கூடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை... தூக்கத்தில் மூச்சு நிற்பது, தூங்குகிறவருக்கே தெரியாது. பக்கத்தில் படுப்பவர் தான் சாட்சி. ஆகவே, கணவருக்கோ, அம்மாவுக்கோ ஆபரேஷன் என்றால், கேட்கும் வரை காத்திராமல் நாமே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்றவர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், 'தனியா ஒரு நிமிஷம் பேசணும் டாக்டர்...' என்று கேட்கலாமே!

ஆண் குறட்டை விட்டால், 'உழைச்ச களைப்பு' என்பதும், பெண் விட்டால், 'பொம்பளைக்கு இப்படியா?' என்று சிரிப்பதும், இனியாவது ஒழியட்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தான், என் அக்கா பொய் சொன்னாள். பரிசோதனைக்குப் பின், இப்போது தினமும் மெஷின் மாட்டித் தூங்குகிறாள். பகல் தூக்கம் போன இடம் தெரியவில்லை!

கழற்றிய தாலிக்கொடியை, பத்திரமாக என் கையில் கொடுத்து விட்டுத் தான் ஆபரேஷனுக்குப் போனாள் அக்கா. நகையைக் காப்பாற்றத் தெரிந்த எனக்கு, அவளைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் போய்விட்டதே!

- ஒரு வாசகி, திருச்சி.