பார்த்ததுக்கெல்லாம் காசா?

மொதல்லயே ஒரு டிஸ்கி: இது கார் விமர்சனப் பதிவு இல்லை. கார் எந்தக் கம்பெனி, சர்வீஸ் சென்டர் எதுன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நான் திட்டப் போறது அவங்களை இல்லை. என்னையும் உங்களையும்தான்.

மெயில்ல சுத்திக்கிட்டிருந்து அப்புறம் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்த கதை ஒண்ணு உண்டு. கப்பல் இன்ஜின் ஓடலை. ஒரு பெரியவர் வந்து சுத்தியலால ஒரே ஒரு தட்டு தட்டினார், ஓடிருச்சு. பில் பத்தாயிரம். தட்டினதுக்கு ரெண்டு ரூபாய், எங்க தட்டணும்னு தெரிஞ்சதுக்கு மிச்சம். இதை ஃபார்வர்ட் பண்ணாத பொட்டிதட்டி எவனாவது இருக்கானா? நானும் அனுப்பியிருக்கேன், அதுவும் சரியா அப்ரைசல் மாசத்துல :-)

அதே நான்தான் போன வருஷம் ஆடி மாசம் இலத்தூர் விலக்குப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு, "எதையுமே மாத்தலையே அண்ணாச்சி, பார்த்ததுக்கெல்லாமா காசு?"ன்னு கேட்டேன். ஐந்நூறு ரூபாய்க்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வீட்டுல இருக்கறது பழைய டீசல் கார், நாலு சிலிண்டர். நின்னுக்கிட்டிருக்கும்போதே லேசா அதிரும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதிர்வு கூடும். கண்ணாடியில பின்னாடி வர்ற பஸ் ரெண்டு ரெண்டா தெரியும். காலையில மொத ஸ்டார்ட்ல பெல்ட் வேற கீச்சுங்கும். பெரியம்மா, ஊர் மதுநாதர் கோயில்ல சனி பகவானுக்கு எள் விளக்கு போடச் சொன்னாங்க. (போட்டேன். அதுக்கு மட்டும் கணக்கு பாக்கலை, கவனிச்சீங்களா?)

அண்ணாச்சி அன்னிக்கு ஒண்ணரை மணி நேரம் பார்த்தார். வண்டி ஓடாம நிக்கும்போதும் அதிருது, அப்ப வீல் இல்லை. கிளட்சை மிதிச்சுப் பார்த்தார், மாற்றம் இல்லை. இன்ஜெக்டர் ஒண்ணு படுத்திருந்தா ஐட்லிங்ல முரட்டுத்தனமா ஆடும், ஆர்பிஎம் ஏற ஏறக் கொஞ்சம் அடங்கும். இங்க நேர் எதிர். சுத்துற எதோ ஒண்ணு எடை தப்பி சுத்துது, அதனாலதான் வேகம் கூடக் கூட ஆட்டம் கூடுதுன்னார். பெல்ட்டைக் கழட்டிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட விட்டார். அதிர்வு அப்படியே இருந்தது. ஆக டைனமோ, ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங் பம்ப் எல்லாம் நிரபராதி. கடைசியா வலது முன் வீலைக் கழட்டி, உள்ளே இருக்கற கிராங்க் புல்லி மேல ஒரு சின்ன பிரஷ்ஷால வெள்ளை பெயின்ட்ல கோடு போட்டார். நடுவிலிருந்து வெளிவட்டம் வரைக்கும் நேரா ஒரே கோடு.

"ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க தம்பி. கோடு நகந்திருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

அதுக்குத்தான் ஐந்நூறு. நான் இருநூறைக் குடுத்துட்டு வந்துட்டேன். திரும்பிப் போகலை.

அந்தக் கோடு எதுக்குன்னு சொல்லிடறேன். நாம நினைக்கிற மாதிரி அது பெல்ட்டை மாட்டற வெறும் சக்கரம் இல்லை. அந்த புல்லி ரெண்டு இரும்புத் துண்டு, நடுவுல ரப்பர் வளையம். பிஸ்டன் ஒவ்வொரு தடவை வெடிச்சு இறங்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாம முறுக்கி விடுபடும். 800 ஆர்பிஎம்ல ஓடற நாலு சிலிண்டர்ல நொடிக்கு ஏறக்குறைய 27 வெடிப்பு. 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல நீளமான ஆறு சிலிண்டர் கிராங்க்குகள் இந்த முறுக்கால உடைஞ்சு படாதபாடு படுத்தினப்போ, பிரிட்டிஷ் இன்ஜினியர் லாஞ்செஸ்டர் மாதிரி ஆளுங்க உட்கார்ந்து யோசிச்சதுல பிறந்த சரக்கு இது. முறுக்கை ரப்பர் வாங்கிக்கும். சூட்டுலயும் ஆயில்லயும் ரப்பர் காய்ஞ்சு பிளந்துட்டா வெளிவட்டம் தனியா வழுக்கும், கோணலா சுத்தும். வழுக்கினா கோடு ரெண்டாகும். பத்து ரூபாய் பெயின்ட்ல இதைவிட நல்ல டெஸ்ட் கேஸ் எழுத முடியுமா?

நான் போனது பளபளன்னு ஏசி போட்ட இடத்துக்கு. ஸ்கேனர் மாட்டினாங்க, எரர் ஒண்ணும் இல்லை. எப்படி இருக்கும்? ஸ்கேனர் சென்சார் சொல்றதைப் படிக்கும், ரப்பருக்கு ஏது சென்சார்? "இன்ஜின் மவுண்ட் போயிருக்கும் சார்"னாங்க. போயிருக்கு இல்லை, போயிருக்கும். மூணு மவுண்ட், 14,800. எதை வச்சுச் சொல்றீங்கன்னு நான் கேக்கலை. ரெண்டு வாரம் நல்லா இருந்தது. மவுண்ட் அதிர்வை உண்டாக்காது, பாடிக்குக் கடத்தும் அல்லது தடுக்கும், அவ்வளவுதான். புதுசு கொஞ்ச நாள் மூடி மறைச்சது. அப்புறம் இன்ஜெக்டர் சுத்தம், 6,200. பில்லுல பாகம் பேரு இருந்தது, நம்பர் இருந்தது, திருப்தியா குடுத்தேன்.

ஐப்பசி மழை. அம்மாவைத் திருவனந்தபுரத்துல கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரியங்காவு வழியா திரும்பி வர்றோம். புளியரை எஸ் வளைவுல இறங்கும்போது 'பட்'டுனு ஒரு சத்தம். பேட்டரி லைட் எரியுது, ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிருச்சு. எதிர்ல கேரளாவுக்கு லோடு ஏத்திக்கிட்டு வர்ற லாரி. ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு ஓரங்கட்டினேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால லாரி அவங்களுக்குச் சரியா தெரியலையாம். எனக்குத் தெரிஞ்சது.

ரெக்கவரி வண்டியில இலத்தூர். அண்ணாச்சி வீலைக் கழட்டி டார்ச் அடிச்சார். பெல்ட் நார்நாராக் கிடக்கு. புல்லி நடுவுல கோடு பன்னெண்டு மணியில நிக்குது, வெளிவட்டத்துல இருக்கற பாதி நாலு மணியில.

மூணு மாசமா அந்தக் கோடு அங்கேயேதான் இருந்தது மக்களே. நடுவுல ரெண்டு தடவை வண்டி லிஃப்ட்ல ஏறியிருக்கு. யாரும் பார்க்கலை, ஏன்னா பார்க்கறதுக்கு யாரும் காசு குடுக்கலை.

மாத்தின வேலை ரெண்டு மணி நேரம். தென்காசி லேத்துல ஒருத்தர் வெல்டு வச்சுத் தர்றேன்னார், முந்நூறுதானாம். அண்ணாச்சி விடலை. வெல்டு வச்சா ஆடாதுதான், ஆனா முறுக்கு பூரா கிராங்க் மேல விழும். திருநெல்வேலியிலிருந்து ஒரிஜினல் வரவழைச்சோம், 4,600. புல்லரை நடு ஹப்புல மாட்டி இழுத்தார், வெளிவட்டத்தைப் பிடிச்சு இழுத்தா புது ரப்பரே கிழியும்னு எனக்குக் காட்டினார். பின்னாடி ஆயில் சீல் ஈரமா இருந்தது, அதையும் மாத்தி, புது போல்ட் போட்டு, டார்க் ரென்ச்சால முறுக்கி முடிச்சார்.

இப்ப நம்ம பொழப்பைப் பாருங்க. என் ஆபீஸ்ல ரூட் காஸ் அனாலிசிஸ்னு டாலர்ல மணிக்கணக்கா பில் போடறோம். கடைசியில "எங்க கோடுல தப்பு இல்லை"ன்னு ஒரு மெயில் தட்டினாலும் பில் உண்டு. அதை ஆணி புடுங்கறதுன்னு நாம கிண்டல் பண்ணலாம், சம்பளம் அதுலதான் வருது. மெக்கானிக் மட்டும் மூளையை இனாமா தரணும், ஸ்பேர் விலையில சுரண்டிக்கணும். ஊசி போடாத டாக்டரை டாக்டரே இல்லைன்னு சொல்ற கூட்டம்தானே நாம?

பார்க்கறதுக்கே காசுன்னா பார்க்காமலே வாங்குவானேம்பீங்க. வாங்குவான்தான். எதை வச்சுச் சொல்றேன்னு காட்டச் சொல்லுங்க. அந்தக் கோட்டை என் கண்ணால பார்த்தேன். மவுண்ட் போனதை எனக்கு யாரும் காட்டலை. பாகம் வித்தாத்தான் அன்னிக்கு அடுப்பு எரியும்னு ஒருத்தரை நிறுத்தி வச்சுட்டு, அவர் பாகம் விக்கறார்னு பதிவு போட்டுத் திட்டறது என்ன நியாயம்?

கிராமத்து மேதைன்னு அண்ணாச்சிக்கு நான் மாலை போடலை. அவர்கிட்ட ஸ்கேனர் கிடையாது. நாளைக்கு சென்சார் கோளாறுன்னா வேற இடத்துக்குத்தான் போவேன். இன்னொண்ணுலயும் எனக்கு அவர்மேல கோபம். ஆடி மாசத்து பாக்கி முந்நூறை நீட்டினா, "அது அன்னைக்கே முடிஞ்ச கதை தம்பி"ன்னு கையை எடுத்துட்டார். அவர்கிட்ட வேலை பழகின பையன் ஒருத்தன், ஸ்பேர் கடைக்காரங்க கமிஷன் தர்ற பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டான். பின்ன எதுக்கு இங்க இருப்பான்? பெல்ட்டுக்கு அடியில மடிச்சு வச்சுட்டு வந்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமாவை அவர்கிட்ட அனுப்பினேன். அவர் வண்டியிலயும் எதோ சத்தம். அங்கிருந்தே போன்.

"என்னடே, ஒண்ணையும் மாத்தலை, முந்நூறு கேக்காரு?"

"குடுங்க மாமா"ன்னேன்.