வந்து சேராத மின்னஞ்சல்கள்

2023 ஓகஸ்ட் 26 அன்று அரச முகில் கணினிக் கட்டமைப்பைக் கப்பம் கோரும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் அன்றுவரை சுமார் 5,000 அரச முகவரிகளில் சேர்ந்திருந்த மின்னஞ்சல்கள் அழிந்தன. அது தலைப்புச் செய்தியானது. நான் சொல்லப்போவது செய்தியாகாத ஓர் இழப்பு.

நல்லூரில் எங்கள் சனசமூக நிலையத்தின் மின்னஞ்சலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். செயலாளர், பொருளாளர் என்று பதவிப் பெயரில் முகவரிகள் உண்டு. அவற்றுக்கெனத் தனி அஞ்சல் பெட்டி கிடையாது. வருவதெல்லாம் அந்த ஆண்டு பதவியில் இருப்பவரின் ஜிமெயிலுக்குத் திருப்பி விடப்படும். ஆள் மாறினாலும் முகவரி மாறாது, செலவும் இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர் நிலையத்தின் கூரையைத் திருத்த உதவுவதாகத் தன் நிறுவன முகவரியிலிருந்து மூன்று தடவை எழுதியிருக்கிறார். ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பதில் போடாமல் அவமதித்துவிட்டோம் என்று அவருக்குக் கோபம்.

2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநரின் அடையாளத்தைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. 2025 மே முதல் மைக்ரோசொப்ட்டும் மொத்தமாக அனுப்புவோரிடம் அதையே கேட்கிறது. வங்கிகளின் பெயரில் வரும் மோசடி அஞ்சல்களைப் பார்த்தவன் என்பதால் இந்த விதிகளை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் திருப்பி விடும் அஞ்சல் அங்கே மாட்டுப்படுகிறது. எந்தச் சேர்வர் தன் பெயரில் அனுப்பலாம் என்று ஒவ்வொரு டொமைனும் அறிவிக்கும் பட்டியல் எஸ்பிஎஃப். ரொறன்ரோக்காரரின் பட்டியலில் எங்கள் சேர்வர் இருக்க நியாயமில்லை. கடித உறையில் உள்ள அனுப்புநர் முகவரியை எங்கள் பெயருக்கு மாற்றும் எஸ்ஆர்எஸ் முறையால் அந்தச் சோதனையைத் தாண்டலாம். அதுவும் போதாது. கடிதத்தின் உள்ளே 'அனுப்புநர்' என்று தெரியும் பெயரோடு அடையாளம் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். எஸ்ஆர்எஸ் உறையை மட்டுமே மாற்றும். ஆகவே திருப்பி விட்ட கடிதத்தைக் காப்பாற்றக்கூடியது அனுப்பியவர் இட்ட டிகிம் என்ற மின்கையொப்பந்தான்.

அந்தக் கையொப்பத்தைக் கெடுத்தது நான்தான். அழகுக்காக ஒவ்வொரு அஞ்சலின் பொருள் வரியிலும் நிலையத்தின் பெயரைச் சேர்க்கும்படி சேர்வரை அமைத்திருந்தேன். கையொப்பமிட்ட வரியில் ஓர் எழுத்துக் கூடினாலும் அது செல்லாது. அவரது டொமைன், பொருந்தாததை நிராகரிக்கும்படி அறிவித்திருந்தது. ஜிமெயில் அதன்படி நடந்தது. நிராகரிப்பு அறிவித்தல் அவரிடமே போய் ஸ்பாமில் கிடந்தது. எங்களுக்கு ஒரு தடயமும் இல்லை.

இப்போது பொருள் வரியைத் தொடுவதில்லை, எஸ்ஆர்எஸ் இயங்குகிறது. பொருளாளருக்கு மட்டும் தனிப் பெட்டி வாங்கிக் கைத்தொலைபேசியில் இணைத்துவிட்டோம். காசு விடயத்தில் திருப்பி விடுவதை நம்பியிருப்பது சரியில்லை. இங்குள்ள கோயில் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தங்கள் இணையத்தளம் செய்து தந்தவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஜிமெயிலில் அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்தால் மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து நாலாவது அஞ்சல் நிமிடத்தில் வந்தது. கோபம் ஆறத்தான் இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.