எலுமிச்சம்பழமும் கொஞ்சம் கணக்கும்

சாறே வரவில்லை என்று எலுமிச்சம்பழத்தைத் திட்டாத வீடு இல்லை. ஆனால் பாதித் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது!

தெருக்கடைகளில் பெரும்பாலும் பழத்தை எண்ணித்தான் விற்கிறார்கள். விலை ஒன்றுதான், சாறு ஒன்றல்ல. தோல் மெல்லிசாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழத்தில்தான் சாறு அதிகம். பெரிசாக இருக்கிறதே என்று தடித்தோல் பழத்தைப் பொறுக்குபவர் தோலுக்குக் காசு கொடுக்கிறார்.

மீதித் தவறு வீட்டில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டினால் பழம் விறைத்துக்கொண்டு நிற்கும். 10 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும். உள்ளே உள்ள குட்டிக்குட்டிச் சாற்றுப் பைகள் உடையும். பிறகு பிழிவது சுலபம். அதற்காகக் கடைசிச் சொட்டு வரை மல்லுக்கட்டவும் கூடாது. தோலின் எண்ணெய் இறங்கி ஜூஸ் கசந்துவிடும்.

2 பழம் போதும் என்கிற இடத்தில் 3 வெட்டினால் செலவு ஒன்றரை மடங்கு. ஒரு பழம் 10 ரூபாய்க்கு விற்ற 2022 கோடையில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் உறைத்தது. விலை இறங்கியதும் மறந்துபோனது...

பழம் மலிவாக இருக்கும்போதே பழகிக்கொண்டால், அடுத்த கோடையில் பழத்தைத் திட்ட வேண்டியிருக்காது :-)